காவி உடுத்தவரும் கறுப்பு உடுத்தவரும்

விழா மலர்க் குழுவினர் நம்மிடம் வந்து, “சாமி, வரலாற்றுக் கட்டுரை ஒன்று நீங்கள்தான் எழுதித் தரவேண்டும்” என்று கேட்டுக்கொண்டனர். கோவில் எழும்பிய கதையும், மணிக்கூண்டுக்கு நிதி திரட்டிய கதையும், இங்குப் பணியாற்றிய பங்குத் தந்தையரின் பட்டியலும் இம்மலரின் வேறு பக்கங்களில் வருகின்றன. அவற்றையே நாமும் திருப்பிச் சொல்வதில் பயனில்லை. ஆகவே நமது மயிலை மண்ணோடு தொடர்புள்ளதும், நம்மில் பலர் மறந்துவிட்டதுமான ஒரு வழக்கைப் பற்றி எழுத விழைகிறோம். அது ஓர் உடையைப் பற்றிய வழக்கு. மதுரையில் தொடங்கி, கோவாவில் விசாரிக்கப்பட்டு, உரோமையில் தீர்ப்புப் பெற்ற வழக்கு. அதில் குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் இறுதி ஆண்டுகளை இங்கே நம் மயிலாப்பூரில் கழித்து, இங்கேயே கண்மூடினார்.

இதை எழுதத் தூண்டியது ஏட்டுப் படிப்பன்று. சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, இரண்டாம் பூசை நேரத்தில், சைக்கிள் நிறுத்தும் இடத்தருகே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கட்டியிருந்தது கைலி, தோளில் ஒரு துண்டு, காலில் காய்ந்த சிமெண்டு. அடுத்த தெருவில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை செய்யும் கொத்தனார் அவர். பிரசங்கம் முழுவதும் நின்றார். எழுந்தேற்றத்தின்போது வெயிலில் முழந்தாளிட்டார். நன்மை வாங்க மட்டும் வரவில்லை. பூசை முடிந்து வெளியே வந்து, “ஏன் ஐயா, உள்ளே வரவில்லை?” என்று கேட்டோம். “உடுப்பு சரியில்லீங்க சாமி. உள்ளே எல்லாரும் நல்லா உடுத்திக்கிட்டு இருக்காங்க” என்றார். யாரேனும் வரவேண்டாம் என்றார்களா என்று கேட்டோம். அவர் சிரித்தாரேயன்றிப் பதில் சொல்லவில்லை.

பிறகு விசாரித்தறிந்தோம். வாயிலில் நின்ற நம் தொண்டர் ஒருவர், “அப்படி ஓரமா நில்லுங்க” என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தொண்டர் கெட்டவரல்லர். இரத்ததானம் என்றால் முதலில் நிற்பவர். இறந்தவர் வீட்டுக்கு இரவென்றும் பாராமல் ஓடுபவர். ஆலயத்தின் மரியாதையைக் காப்பதாக எண்ணியே அப்படிச் சொன்னார். ஆள் பாதி ஆடை பாதி என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததை அவர் நம்பினார். அவ்வளவுதான். நாமும் நம்புகிறோம் என்பதே உண்மை. கைலி கட்டியவர் குடித்திருப்பார், சட்டையை உள்ளே செருகியவர் படித்திருப்பார், பட்டு உடுத்தியவர் வசதியானவர், வெள்ளை அங்கி அணிந்தவர் பரிசுத்தர் என்று முடிவு கட்ட நமக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படுவதில்லை. நாம் குருமடத்தில் முதன்முதல் வெள்ளை அங்கி அணிந்து வெளியே வந்த நாளில், எதிரே வந்த முதியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நம்மைக் கும்பிட்டார். முந்தின நாள் அதே தெருவில் பேண்ட் சட்டையோடு நாம் போனபோது அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரே இரவில் நம் குணம் அத்துணை உயர்ந்துவிட்டதா என்ன?

உடை ஒருவரின் குணத்தைக் காட்டுமா? இக்கேள்வியை மயிலைத் திருச்சபையில் கேட்பது மிகப் பொருத்தம். ஏனெனில் நம் விசுவாசத் தந்தையான தோமையாரைப் பற்றிய மிகப் பழைய நூலிலேயே உடைப் பேச்சு வருகிறது. மூன்றாம் நூற்றாண்டில் சிரியா நாட்டுப் பக்கம் தோன்றிய ‘தோமையார் பணிகள்’ என்னும் நூலை விவிலிய நூல்களுள் ஒன்றாகத் திருச்சபை ஏற்கவில்லை. அதன் கதைகளை எல்லாம் வரலாறாகக் கொள்ளவும் வேண்டியதில்லை. ஆனாலும் அக்காலத்து விசுவாசிகள் தங்கள் அப்போஸ்தலரை எப்படி மனக்கண்ணில் கண்டார்கள் என்பதை அது சொல்கிறது. தனக்கு அரண்மனை கட்டத் தந்த பணத்தைத் தோமையார் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டார் என்று கொண்டபோரஸ் மன்னனிடம் போய்ச் சொல்பவர்கள், கூடவே அவரைப் பற்றிச் சான்றும் கூறுகிறார்கள். அவர் அப்பமும் உப்பும் தண்ணீருமே உட்கொள்கிறார், வெயிற்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் ஒரே உடைதான் வைத்திருக்கிறார் என்கிறார்கள். அந்த ஒற்றை உடை அங்கே அவருடைய குணத்தைக் காட்டும் சாட்சியாகிறது. நமக்கு நினைவிருக்கட்டும், அது பணமில்லாதவனின் ஒற்றை உடையன்று. அரசனின் பொன் கையில் இருந்தும் வாங்கிக்கொள்ளாதவரின் ஒற்றை உடை.

1545-ஆம் ஆண்டில் புனித சவேரியார் மயிலைக்கு வந்தார். நான்கு மாதங்கள் பங்குக் குருவானவரின் வீட்டில் தங்கி, அப்போஸ்தலரின் கல்லறையருகே இரவிரவாகச் செபித்தார். அப்போது அவர் அணிந்திருந்தது நைந்துபோன கறுப்பு அங்கி. பாப்பரசரின் தூதர் என்னும் பட்டம் அவரிடம் இருந்தும் அவர் அதற்கேற்ற உடையை நாடவில்லை. அவருடைய கிழிந்த அங்கியைக் கண்டே மக்கள் அவரைப் புனிதர் என்று கொண்டாடினர்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. இங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறிய அவர், பின்னர் சப்பான் நாட்டை அடைந்தார். அங்கே யாமகுச்சி நகரின் பிரபுவை முதன்முறை அதே ஏழைக் கோலத்தில் போய்ப் பார்த்தார், பயன் கிட்டவில்லை. பனியில் நடந்து தலைநகருக்குப் போனார். அங்கே வாயிற்கதவுகூடத் திறக்கப்படவில்லை. இந்தியாவில் துறவின் அடையாளமாயிருந்த கந்தல், அங்கே அவமரியாதையின் அடையாளமாயிருந்தது. சவேரியார் யோசித்தார். 1551-இல் மீண்டும் யாமகுச்சிக்குப் போனபோது பட்டாடை உடுத்தி, தூதருக்குரிய மரியாதைகளோடும் கடிகாரம் முதலிய பரிசுகளோடும் போனார். நற்செய்தி கூற உத்தரவும் தங்க இடமும் கிடைத்தன. மயிலையில் கந்தல் உடுத்திச் செபித்த அதே மனிதர்தான் ஆறே ஆண்டுகளில் பட்டு உடுத்தினார். இவற்றுள் எந்த உடை அவர் குணத்தைக் காட்டியது? சொல்லுங்கள் பார்ப்போம்.

இனி நம் வழக்குக்கு வருவோம். இராபர்ட் தே நொபிலி என்னும் தத்துவ போதகர் 1577-இல் உரோமையில் பெருங்குடும்பமொன்றில் பிறந்தவர். கர்தினால் பெல்லார்மின் அவருக்கு உறவினர். வீட்டாரின் விருப்பத்துக்கு மாறாகச் சேசு சபையில் சேர்ந்து, 1605-இல் கோவாவில் கரையிறங்கி, முத்துக்குளித்துறை வழியாக 1606 நவம்பரில் மதுரையை அடைந்தார். வயது இருபத்தொன்பது.

அங்கே அவருக்கு முன்னரே ஒருவர் இருந்தார். கொன்சாலோ பெர்னாந்தஸ் சுவாமியார் 1595 முதல் மதுரையில் பாடுபட்டவர். முன்னாள் போர்வீரர், மூத்தவர், சிறுவருக்குப் பள்ளி நடத்தினார், நோயாளிகளைக் கவனித்தார், வணிகத்துக்காக வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைத்தார். பதினோராண்டு உழைத்தும் ஊர் மக்களுள் ஒருவரைக்கூட அவரால் திருமறையில் சேர்க்க முடியவில்லை. அவர் நல்லவர் என்பதில் மதுரையில் ஒருவருக்கும் ஐயமில்லை. ஆனால் அவர் பறங்கி. கறுப்பு அங்கி, தோல் பாதரட்சை, மாட்டிறைச்சி, மது எல்லாம் சேர்ந்து அவரை இன்னார் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன. பறங்கி என்பது அக்காலத்தில் ஒரு நாட்டாரின் பெயராக இல்லை. தீண்டத்தகாத ஒரு குலத்தின் பெயராகவே வழங்கிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால் நம் ஆட்களே அதற்கு உடந்தை. ஞானஸ்நானம் பெற வருபவனிடம், பறங்கி குலத்தில் சேர விரும்புகிறாயா என்ற பொருளில் கேள்வி கேட்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது! கிறிஸ்துவை ஏற்கிறாயா என்று கேட்க வேண்டிய இடத்தில், எங்கள் உடையை ஏற்கிறாயா என்று கேட்டிருக்கிறோம்.

நொபிலி ஓராண்டு பார்த்தார். பிறகு தம் மாகாணத் தலைவர் லயேர்சியோ சுவாமியாரிடமும், கொடுங்கலூர் மேற்றிராணியார் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டகையிடமும் உத்தரவு பெற்று, 1607-இல் கறுப்பு அங்கியைக் களைந்தார். காவி உடுத்தினார். காலில் பாதக்குறடு, கையில் தண்டமும் கமண்டலமும். இறைச்சியும் மீனும் முட்டையும் மதுவும் விலக்கி, நாளுக்கு ஒருவேளை அரிசிச் சோறும் கீரையும் உண்டார். பிராமணர் தெருவில் குடியேறினார். சிறிது காலம் சிலுவை கோத்த நூலும் மார்பில் அணிந்தார். தமிழ் பயின்றார், சிவதர்மர் என்னும் பிராமணப் பண்டிதரிடம் வடமொழியும் வேதமும் பயின்றார். அந்தச் சிவதர்மரே 1609-இல் ஞானஸ்நானம் பெற்றார். வெளியார் ஒருவரிடம் காட்டவே தயங்கும் சுவடிகளைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர், மாணவரின் கையால் திருமுழுக்குப் பெற்றது சிறிய செய்தியன்று.

ஆனால் சிவதர்மரின் குடுமியையும் பூணூலையும் என்ன செய்வது? அங்கேதான் வழக்குப் பிறந்தது. 1610-இல் பெர்னாந்தஸ் சுவாமியார் மேலிடத்துக்கு முறையீடு எழுதினார். நொபிலி கிறிஸ்தவ உடையைத் துறந்தார்; புறமதத்தார் சின்னங்களை அணிகிறார், பிறரையும் அணிய விடுகிறார்; பழைய கிறிஸ்தவர்களாகிய பரதவரிடமிருந்து விலகி நிற்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். பொறாமையால் எழுதினார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பலர் சொல்லியும் உள்ளனர். நாம் அப்படி நினைக்கவில்லை. உடை என்பது விசுவாசத்தின் வெளித்தோற்றம் என்று அவர் உளமார நம்பினார். காவி உடுத்தியவர் மெல்ல மெல்ல உள்ளேயும் காவியாகிவிடுவார் என்று அஞ்சினார். தூரத்தில் உரோமையிலிருந்த கர்தினால் பெல்லார்மினே செய்தி கேட்டு முதலில் மனம் நொந்து எழுதினார். உண்மை அறிந்த பின்னரே ஆதரித்தார்.

முன்னே சொன்ன தோமையார் நூலில் ஒரு பாட்டு இருக்கிறது. அதை அறிஞர் முத்துப் பாடல் என்பர். அரசிளங்குமரன் ஒருவன், பாம்பு காக்கும் முத்து ஒன்றைக் கொண்டுவர எகிப்துக்குப் போகிறான். தன் ஒளிமிக்க உடையை வீட்டில் விட்டுவிட்டு, அயலான் என்று தெரியாதிருக்க எகிப்தியர் உடையை உடுத்துகிறான். அவர்கள் உணவை உண்டதும் தான் யார் என்பதையே மறந்துவிடுகிறான். தகப்பனிடமிருந்து ஓலை வந்த பிறகே நினைவு திரும்புகிறது. பெர்னாந்தஸ் சுவாமியாரின் அச்சம் இதுவே. உடையை மாற்றப் போய் ஆளே மாறிவிட்டால்? அதை வீண் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அக்கதையில் குமரன் முத்தை எடுத்துக்கொண்டுதான் வீடு திரும்புகிறான் என்பதையும் மறக்கலாகாது.

1619-இல் கோவாவில் பேராயர் தலைமையில் சபை கூடியது. அங்கே காவி உடையோடு போய் நின்ற நொபிலியைக் கண்டு சொந்தச் சகோதரர்களே முகஞ்சுளித்தனர். அவர் வாதம் எளியது. பூணூலும் குடுமியும் இன்ன தெய்வத்தின் சின்னங்கள் அல்ல. ஒருவர் எக்குலத்தார், என்ன கற்றவர் என்பதைக் காட்டும் சமூகச் சின்னங்கள். வெவ்வேறு தெய்வங்களை வணங்குவோரும் ஒரே நூலை அணிகிறார்களே! தீயதை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை விட்டுவைப்பதே ஆதித் திருச்சபையின் வழி. இதற்கு நாம் தரக்கூடிய எடுத்துக்காட்டு நம் தோளிலேயே இருக்கிறது. பூசையில் குரு அணியும் மேலங்கி விண்ணிலிருந்து இறங்கியதன்று; பழைய உரோமையில் மழைக்கும் குளிருக்கும் சாதாரண மக்கள் போர்த்திய போர்வைதான் அது. அதைப் போர்த்தியவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களா என்ன?

கோவா சபையில் பெரும்பாலோர் நொபிலிக்கு எதிராகவே வாக்களித்தனர். வழக்கு உரோமைக்குப் போயிற்று. 1623 சனவரி 31-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளித்தார். மூடநம்பிக்கைச் சடங்கு கலவாதவரை நூலும் குடுமியும் சந்தனமும் நீராடலும் கிறிஸ்தவருக்குத் தடையல்ல என்றார். முறையீடு எழுதப்பட்டதிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. குருத்துவ வாழ்வின் சிறந்த ஆண்டுகள் பலவற்றை ஒரு மனிதர் தம் உடைக்காக வழக்காடியே கழித்தார்.

இதுவரை கேட்டால் நொபிலியின் வெற்றிக் கதைபோல் தோன்றும். விழா மலர்களில் இத்துடன் நிறுத்திவிடுவதுதான் வழக்கம். நாம் நிறுத்தப் போவதில்லை. அந்தக் காவி உடை ஒரு கதவைத் திறந்தது. அதே உடை வேறொரு கதவைச் சாத்தியது. தாம் பறங்கி அல்லர் என்றும், உரோமையில் அரசகுலத்துக்கு நிகரான குடும்பத்தில் பிறந்தவர் என்றும் நொபிலி ஓலையில் எழுதித் தம் வீட்டு வாயிலில் வைத்தார். சொன்னது மெய்தான். ஆனால் அதைக் கேள்வியுற்ற முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர், பறங்கியருடைய வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று ஏளனம் பெற்றவர்கள், என்ன நினைத்திருப்பர்? பிராமண சந்நியாசியின் கோலத்தில் இருந்தவரால் ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. அவர்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்களுடைய குருவானவர் அவர்கள் வீட்டுத் திண்ணையில் பட்டப்பகலில் உட்கார முடியாத நிலை. ஏழைகளின் கோலமான துறவு உடை, ஏழையிடமிருந்து அவரைப் பிரித்த விந்தையை என்னென்பது!

பாப்பரசரும் இதை உணராமலில்லை. உயர்குலத்தார் குலப்பெருமை பாராட்டி எளிய குலத்தாரை இகழலாகாது என்று, நூலையும் குடுமியையும் அனுமதித்த அதே மடலிலேயே அவர் மன்றாடிக் கேட்டுக்கொண்டார். அனுமதியைப் பற்றிக்கொண்டவர்கள் மன்றாட்டை விட்டுவிட்டார்கள். இன்றுவரை விட்டுவிட்டோம் என்று சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். வரட்டும்.

1640-இல் இதற்கொரு மாற்று வழி தேடப்பட்டது. பல்தசார் த கோஸ்தா சுவாமியார் பண்டாரச் சாமியார் கோலம் பூண்டார். பண்டாரங்கள் எல்லாச் சாதியாரோடும் பழகக்கூடியவர்கள் ஆதலால் அந்த உடை அகலமான வாயிலாயிற்று. பின்னாளில் புனித அருளானந்தர் பூண்டதும் இக்கோலமே. அவருக்கும் உடைக்கும் சிறுவயது முதலே ஒரு தொடர்பு உண்டு. லிஸ்பன் நகர அரண்மனையில் இளவரசரின் தோழனாக வளர்ந்த சிறுவன் கொடிய நோயில் விழுந்தபோது, பிழைத்தால் ஓராண்டு சேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாகத் தாய் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தான். பட்டும் சரிகையும் நடமாடும் அரண்மனையில் ஓராண்டு முழுவதும் அந்தச் சிறிய கறுப்பு அங்கி நடமாடியது. விளையாட்டுப்போல் உடுத்தது உள்ளத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சிறுவனே 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூர் மணலில் தலை கொடுத்தார். நேர்ச்சைக்காகப் பிள்ளைகளுக்கு அந்தோணியார் உடுப்பும் மாதா உடுப்பும் அணிவிக்கும் நம் தாய்மார்கள் இதைக் கேட்டு மகிழலாம்.

வழக்கும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. உரோமையின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய தூர்னோன் ஆண்டகை, உள்நாட்டுக்குள் ஒருமுறையும் போய்ப் பாராமலே, 1704-இல் பல வழக்கங்களைத் தடைசெய்தார். 1744-இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதை மீண்டும் உறுதிப்படுத்தினார். குருக்கள் அதன்பேரில் எடுக்கவேண்டிய சத்தியப் பிரமாணம் 1940-இல்தான் நீக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து, 1969-இல் இந்திய முறைப்படி அங்கவஸ்திரம் அணிந்து பூசை நிறைவேற்ற உத்தரவு வந்தபோது எழுந்த கூச்சலை மூத்த குருக்கள் சொல்ல நாம் கேட்டதுண்டு. பெர்னாந்தஸ் சுவாமியாரின் முறையீட்டிலிருந்த சொற்களே அதிலும் இருந்தனவாம்.

உடையைக் கொண்டு குணத்தை அளப்பது தவறு என்பதோடு இது முடிந்துவிட்டால் கவலையில்லை. நம் நாட்டில் உடை, குணத்தைக் காட்டுவதற்கு முன்னே குலத்தைக் காட்டவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டது. நம் பங்கில் குமரி மாவட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் உள்ளன. அவர்களுடைய பாட்டிமார்களின் பாட்டிமார்கள், அன்றைய திருவிதாங்கூர் அரசில் மார்பை மூட உரிமையற்றிருந்தனர். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த இலண்டன் மிஷன் ஊழியர்களிடம் கல்வி கற்ற நாடார் குலக் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியத் துணிந்தார்கள். 1822 முதல் சந்தைகளிலும் சாலைகளிலும் அந்தத் துணி கிழிக்கப்பட்டது. கோவில்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு அதைக் கூறும். சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் வற்புறுத்திய பின், 1859 சூலை 26-இல் மன்னரின் அறிக்கை வந்தது. நாடார் பெண்கள் மார்பை மூடலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது! மானத்தை மூடிக்கொள்ளலாம், சாதியை மூடிக்கொள்ளலாகாது என்பதே அதன் பொருள். நம் கத்தோலிக்கரும் இதில் தலைநிமிர்ந்து பேசுவதற்கில்லை. அந்த நாட்களில் நம் கோவில்கள் பலவற்றுள்ளேயே சாதிக்கொரு பக்கமும் இடையே கிராதியும் இருந்தன.

நொபிலி உடை மாற்றிய அதே மதுரையில், 1921 செப்டம்பர் 22-இல், காந்தியடிகள் முழு உடையைக் களைந்து அரை வேட்டிக்கு மாறினார். பத்தாண்டுக்குப்பின் அந்த வேட்டியோடே அவர் அரசப் பிரதிநிதியின் மாளிகைப் படியேறியதைச் சர்ச்சில் ஏளனம் செய்தார். அது போகட்டும், அவர் அயலார். நம் சென்னைச் சேப்பாக்கத்தில் 2014 சூலையில், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்கள், புத்தக வெளியீட்டு விழாவொன்றுக்குக் கிரிக்கெட் சங்க மன்றத்தில் நுழைய அனுமதிக்கப்படவில்லை. அதன்பின் சட்டமன்றமே கூடி, வேட்டி கட்டியவரைத் தடுக்கக்கூடாது என்று சட்டம் இயற்றியது. நல்ல சட்டம்தான். ஆயினும் நீதிபதி என்று தெரிந்ததால்தானே நாடு கொதித்தது? கைலி கட்டிய கொத்தனாருக்காக எந்தச் சட்டமன்றமும் கூடுவதில்லை. அவர் சைக்கிள்களருகே நின்றுவிட்டுப் போய்விடுகிறார்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். டிசம்பர் மாதத்தில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பசாரிலும் நம் குடும்பங்கள் கால் நோவ அலைவதை அறிவோம். பண்டிகைக்குப் புத்தாடை உடுத்துவதை நாம் குறைகூறவில்லை; பிள்ளைகளின் மகிழ்ச்சி பெரிது. ஆனால் வட்டிக்கு வாங்கியேனும் பட்டெடுக்காவிட்டால் கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு வர முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்ட குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். அந்தப் பெண்மணியைத் தடுக்க வாயிலில் ஒருவரும் இல்லை. நம் பார்வைகளே போதுமாயிருந்தன.

தத்துவ போதகர் மதுரையை விட்டு முதலில் யாழ்ப்பாணத்துக்கும், பின்னர் மயிலைக்கும் அனுப்பப்பட்டார். அப்போது சாந்தோம் போர்த்துக்கீசியரின் ஊர். வடக்கே சில மைல் தொலைவில் ஆங்கிலேயர் புதிதாகக் கோட்டை கட்டிக் குடியேறியிருந்தனர். இருபுறமும் ஐரோப்பியர் உடை. பறங்கி அல்லர் என்று காட்டிக்கொள்ள வேண்டிய தேவையே இங்கு இல்லை. பழைய கறுப்பு அங்கியை அவர் எடுத்து அணிந்திருக்கலாம். சக குருக்களோடு மேசையில் உட்கார்ந்து உண்டிருக்கலாம். முதுமையும் நோயும் வேறு. எனினும் அவர் ஊருக்குப் புறத்தே ஒரு குடிசையில் தங்கினார். அதே காவி, அதே கீரை உணவு. தந்திரத்துக்காகப் போட்ட வேடம் என்று கோவாவில் அவரைப் பழித்தவர்கள் இந்தக் குடிசையை வந்து பார்த்திருக்க வேண்டும். வேடமானால் ஆட்டம் முடிந்ததும் கலைத்திருப்பார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உடுத்தியதை, யாரும் பார்க்காத இடத்திலும் அவர் களையவில்லை. முதல் நாளில் அந்த உடை அவருடைய குணத்தைக் காட்டியதா என்று நாம் அறியோம். உரோமைப் பிரபுகுலத்து இளைஞரின் பெருமிதமும் அதில் கலந்திருந்தது என்றே எண்ணுகிறோம். கடைசி நாளில் காட்டியது.

கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. எதிரே வருபவர் அங்கி அணிந்தவரா, நூல் அணிந்தவரா, துண்டு மட்டும் உடுத்தியவரா என்று அவரால் காண இயலாது. குரலைக் கொண்டே ஆளை அறிந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் போன்ற தமிழ் உரைநடை நூல்களை நமக்கு அளித்தவர், இங்கேயும் தம் நூல்களைப் பிறரைக் கொண்டு எழுதுவித்தும் திருத்தியும் வந்தார். 1656 சனவரி 16-இல் எழுபத்தெட்டாம் வயதில் இம்மயிலாப்பூரில் உயிர்நீத்தார்.

அந்தக் கொத்தனாரைத் தேடி நம் தொண்டரே சென்றார், நாம் அனுப்பவில்லை. கட்டடம் முடிந்துவிட்டது. வேலையாட்கள் வேறிடம் போய்விட்டார்கள். எங்கே என்று காவலாளிக்கும் தெரியவில்லை.

வருகிற சனவரி 16-ஆம் நாள் காலை ஐந்தரை மணிப் பூசை தத்துவ போதகரின் நினைவாக ஒப்புக்கொடுக்கப்படும். வேலைக்குப் போகிறவர்களுக்காகவே அந்நேரம் வைத்துள்ளோம். வேலை உடுப்போடேயே வரலாம். முன்வரிசை பெஞ்சுகள் அவர்களுக்கு.